ஆடியில் விதைப்போம், புரட்டாசியில் பறிப்போம்



குளிர் நாடுகளில் வாழும் குடியானவர்கள் கோடைக்காலம் முடியப் போகும் நேரத்தில் மறுபடியும் ஒரு முறை விதைப்பார்கள். இலை உதிரும் காலத்தில் பறிப்பதற்கான விதைப்பு அது. அதற்கு அவர்கள் போடுகின்ற கணக்கு சுவையானது. தங்கள் ஊரில் முதல் உறைபனி எந்த நாளை ஒட்டி விழும் என்பதை முதலில் பார்த்துக்கொள்வார்கள். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வருவார்கள். ஒரு பயிர் விளைய 50 நாள் ஆகுமென்றால் 50 நாளோடு நிறுத்த மாட்டார்கள். மேலும் 2 வாரங்களைக் கூட்டிக்கொள்வார்கள். பகல் குறுகக் குறுகப் பயிரின் வளர்ச்சியும் மெதுவாகும் என்பதே அதற்குக் காரணம்.

நமது மலேசியாவில் உறைபனி இல்லை. இலையுதிர் காலமும் இல்லை. ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம், இரவு 12 மணி நேரம். ஆகவே, "இங்கே எப்போது விதைத்தாலும் முளைக்கும்" என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். முளைக்கும் என்பது உண்மைதான். பறிக்க முடியுமா என்பதல்லவா கேள்வி? அவர்களுக்கு உறைபனி எப்படியோ, நமக்கு மழை அப்படி. அவர்கள் பனியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். நாம் மழையிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். இன்றைய பேச்சின் சாரம் இவ்வளவுதான். மற்றவை எல்லாம் விளக்கமே.

மேற்குக் கரை மாநிலங்களில் ஆண்டுக்கு இரண்டு முறை மழை வலுக்கிறது. ஒன்று ஏப்ரல், மே மாதங்களில். மற்றொன்று அக்டோபர், நவம்பர் மாதங்களில். இரண்டிலும் ஆண்டிறுதி மழையே பயிருக்குப் பெரிய சோதனை. கிளந்தான், திரங்கானு, பகாங் கரையோரத்தில் வாழும் நேயர்களுக்கு வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். அதிலும் நவம்பர் முதல் ஜனவரி வரை வெள்ள பயமும் உண்டு. நாங்கள் இங்கே சொல்லும் தேதிகள் நெகிரி செம்பிலானில் எங்கள் பள்ளி இருக்கும் தோட்டத்திற்குப் பொருந்தியவை. அவரவர் ஊர் மழையைப் பார்த்து இரண்டு மூன்று வாரம் முன்பின்னாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

மழைக்காலத்துக் காய்கறிக்கும் தோட்டத்து மக்களின் வயிற்றுக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. நாங்கள் 1980-களில் பால்மரத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள். விடியற்காலையில் கூரைத் தகரத்தில் மழை விழும் ஓசை கேட்டால் பிள்ளைகளாகிய எங்களுக்குக் கொண்டாட்டம். போர்வையை இழுத்து மூடிக்கொள்வோம். அம்மாவோ அடுப்படியில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். மரப்பட்டை ஈரமாக இருந்தால் பால் கோப்பைக்கு வராமல் பட்டையெங்கும் வழிந்துவிடும்; வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் சம்பளமும் இல்லை. அக்டோபர், நவம்பரில் இப்படிப் பல நாள்கள் போகும். தீபாவளிச் செலவு அப்போதுதான் வரும். அதன் கடன் தீருமுன்பே ஜனவரியில் பள்ளி திறக்கும். சட்டை, காலணி, புத்தகம் எல்லாம் வாங்கியாக வேண்டும். வருமானம் குறைகின்ற மாதமும் செலவு கூடுகின்ற மாதமும் ஒன்றாகவே வந்து சேரும். அந்த மாதங்களில் கடைக்குப் போகாமல் குழம்பு வைக்க முடிகின்ற வீடு எது, முடியாத வீடு எது என்பதை லயத்தில் எல்லாரும் அறிவார்கள். லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டிருந்த வீடே முடிகின்ற வீடு.

இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. பால்மரம் நின்ற மேடுகளில் செம்பனை நிற்கிறது. நம்மவர்களில் பெரும்பாலோர் தோட்டத்தை விட்டு வெளியேறி அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஆனால் மழைக்காலத்தில் காய்கறி விலை ஏறுவது மட்டும் மாறவில்லை. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் விலை ஏறி நாடெங்கும் அதுவே பேச்சாக இருந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புரட்டாசி மாதத்தில் கவுச்சியை ஒதுக்கும் குடும்பங்களுக்கோ காய்கறிச் செலவு வழக்கத்தைவிட இன்னும் கூடுதல்.

இனி எங்கள் பள்ளித் தோட்டத்தின் கதைக்கு வருவோம். முதலாண்டில் நாங்கள் செய்தவை அனைத்தும் தவறு என்று சொன்னால் மிகையாகாது. பள்ளி வேலைகளை எல்லாம் முடித்துக்கொண்டு அக்டோபர் தொடக்கத்தில்தான் மண்வெட்டியை எடுத்தோம். தரையோடு தரையாகப் பாத்தி போட்டோம். கோழிப்பண்ணை ஒன்றிலிருந்து புத்தம் புதிய கோழிச்சாணத்தைச் சாக்குச் சாக்காக வாங்கி வந்து கொட்டினோம். மூன்றாம் நாளே விதைத்தோம். ஈக்களுக்குப் பயந்து பக்கத்து வகுப்பறையின் சன்னல்களை அடைக்க வேண்டியதாயிற்று. முளைத்த வெண்டைக் கன்றுகளின் இலை ஓரங்கள் தீயில் காட்டியவை போலக் கருகின. மக்காத கோழிச்சாணத்தின் சூடும் அதிலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் இளம் வேரைச் சுட்டுவிடும் என்பதை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் படித்திருந்தோம்! தப்பிப் பிழைத்த கன்றுகளின் அடித்தண்டு மழையில் அழுகிச் சாய்ந்தது. நவம்பர் வந்தபோது பாத்தி இருந்த இடத்தில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

பள்ளி வேலிக்கு அப்பால் குடியிருந்த ஒரு பாட்டி இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். முப்பது ஆண்டுக்கும் மேல் மரம் வெட்டியவர். ஒரு நாள் வேலியோரம் வந்து நின்று, "என்ன சார், மழை வந்தப்புறமா குடை வாங்கப் போறீங்க? கொட்டை வெடிக்கிறப்பவே விதையைப் போட்டிருக்கணும்" என்றார்.

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகே புரிந்தது. பால்மரம் பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்த்துப் பூக்கும். அதன் காய்கள் ஐந்தாறு மாதத்தில் முற்றி, ஆகஸ்டு, செப்டம்பர் வெயிலில் படபடவென்று வெடித்துக் கொட்டைகளைத் தூர வீசும். அந்தக் கொட்டைகளைப் பொறுக்கி விளையாடாத தோட்டப் பிள்ளை இருக்க முடியாது. அந்தக் காலத்துத் தாய்மார்களுக்கு அந்த ஓசையே பஞ்சாங்கம். வெயில் உச்சத்தில் இருக்கிறது, மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, விதையைப் போடு என்று மரமே சொல்லிவிடுகிறது. தமிழ்நாட்டில் ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். அங்கே அது ஆடியில் வரும் புதுப்புனலையும் பின்னால் வரும் மழையையும் நம்பி விதைப்பது. இங்கே அதே மாதத்தில் மழைக்கு முந்திக்கொள்வதற்காக விதைக்கிறோம். மாதம் ஒன்றுதான்; காரணம் நேர் எதிர்.

அடுத்த ஆண்டு கரும்பலகையில் பிள்ளைகளோடு சேர்ந்து பின்னோக்கி எண்ணினோம். மிளகாய்க்கு நாற்றங்காலில் 5 வாரம், நட்ட பின் ஏறத்தாழ 80 நாள். ஆகவே ஆடி பிறப்பதை ஒட்டி, ஜூலை நடுவில் நாற்று விட்டால்தான் நவம்பர் தொடக்கத்தில் காய் கிடைக்கும். கத்தரிக்கு நாற்றங்காலில் 4 வாரம், பிறகு 60 முதல் 70 நாள். அதை ஜூலை கடைசியில் விட்டோம். வெண்டைக்கும் நீட்டுப் பயற்றங்காய்க்கும் நாற்று வேண்டியதில்லை. நேராகக் குழியில் இரண்டிரண்டு விதையாகப் போட்டால் 50 நாளுக்குள் முதல் காய் பறிக்கலாம். ஆகஸ்டு 10-ஆம் தேதி போட்டோம். முளைக்கீரைக்கு 4 வாரம் போதும். ஆகஸ்டு 20-ஆம் தேதி தூவியது புரட்டாசி பிறக்கும்போது பறிக்கத் தயாராக இருக்கும். கீரையை மட்டும் ஒரே நாளில் எல்லாவற்றையும் தூவிவிடக் கூடாது. பத்து நாளுக்கு ஒரு முறை ஒரு முழம் ஒரு முழமாகத் தூவி வந்தால் ஒரே வாரத்தில் குவிந்து வீணாகாது. வானம் மூடிக் கிடக்கும் மாதங்களில் பயிர் சற்றுச் சுணங்கவே செய்கிறது. ஆகவே அக்டோபருக்குப் பின் காய்க்க வேண்டியவற்றுக்கு ஒரு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். விதைக்குச் செலவு செய்ய அஞ்சாத நாம் மண்ணைக் கவனிப்பதில்லை. நமது நாட்டின் மேட்டு நிலங்கள் பெரும்பாலும் புளிப்பு மண். நூற்றாண்டு நூற்றாண்டாகப் பெய்யும் மழை, மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. புளிப்பு மிகுந்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேரின் நுனியைத் தாக்கும். வேர் கட்டையாகிவிடும். அப்படிப்பட்ட செடிக்கு எவ்வளவு உரம் போட்டாலும் எடுத்துக்கொள்ள முடியாது. பால்மரமும் செம்பனையும் இந்தப் புளிப்பைத் தாங்கிக்கொள்ளும். கத்தரியும் பயறும் தாங்கா. எனவே உரக்கடைகளில் கிடைக்கும் மக்னீசியச் சுண்ணாம்புத் தூளை விதைப்பதற்கு 2 அல்லது 3 வாரம் முன்னதாக மண்ணில் கலந்துவிட வேண்டும். 4 அடி அகலமும் 12 அடி நீளமும் உள்ள ஒரு பாத்திக்கு 1 கிலோ முதல் 2 கிலோ வரை போதும். விறகடுப்பு உள்ள வீடுகளில் சாம்பலையும் சேர்க்கலாம். அதில் பொட்டாசியம் சத்தும் உண்டு. சுண்ணாம்பையும் சாணத்தையும் ஒரே நாளில் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் சாணத்திலுள்ள நைட்ரஜன் அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடும். முதலில் சுண்ணாம்பு, 2 வாரம் கழித்து நன்றாக மக்கிய சாணம், பாத்திக்கு 5 கிலோ அளவில். மக்கிய சாணத்துக்கு நாற்றம் இருக்காது, கையில் எடுத்தால் சூடு இருக்காது. எங்களுக்கு மிகத் தாமதமாகத் தெரிந்த சோதனை இது.

பாத்தியின் உயரத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆகஸ்டில் வெயில் காய்வதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் நிற்கட்டும் என்று தாழ்வாகப் பாத்தி போடுகிறோம். அந்தப் பாத்திக்கு உண்மையான சோதனை அக்டோபரில் வருகிறது. ஒரு அடி உயரமாவது மேடாக்கி, பாத்திக்குப் பாத்தி வாய்க்கால் வெட்டி, வாய்க்கால் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து ஓடும்படி செய்ய வேண்டும். வெயில் நாளில் ஈரம் காக்க, பூ விடாத லாலாங் புல்லை அறுத்து மேலே பரப்பலாம். பூத்த புல்லைப் பரப்பினால் விதை விழுந்து பிறகு களை எடுத்தே கை ஓய்ந்துபோகும். ஆலையிலிருந்து கிடைக்குமானால் செம்பனையின் வெறுங்குலையும் நல்லது. இந்த மூடாக்கு பின்னால் மழைத்துளி மண்ணை அடித்துக்கொண்டு போகாமலும் காக்கும்.

பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். பயற்றங்காய்க் கொடியில் எறும்பு ஏறினால் மேலே அசுவினி இருக்கிறது என்று பொருள். விடியற்காலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தோ விரலால் நசுக்கியோ தொடக்கத்திலேயே தீர்த்துவிட வேண்டும். பாகற்பிஞ்சுகளைப் பழைய செய்தித்தாளால் சுற்றிக் கட்டினால் பழ ஈ முட்டையிடாது. ராட்சத நத்தைகளை இரவில் விளக்கு வைத்துப் பொறுக்குவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை. ஆனால் வெறுங்கையால் தொட விடாதீர்கள். கத்தரிச்செடி பச்சை மாறாமலே திடீரென்று ஒரு பகலில் வாடிவிட்டால், தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். வெட்டிய இடத்திலிருந்து பால் போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். மருந்து தேடி அலையாமல் செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றையும் சில ஆண்டுகளுக்கு நடாமல் இருக்க வேண்டும்.

ஒரு செய்தியைக் கண்டிப்புடன் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்ட வேலையில் மிஞ்சிய களைக்கொல்லியையும் பூச்சி மருந்தையும் வீட்டுக்குக் கொண்டுவருவது நம்மிடையே நெடுநாள் பழக்கம். குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்ததைப் பிள்ளை எடுத்துக் குடித்த துயரத்தைத் தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்கள் அறிவோம். பாராகுவாட் என்ற களைக்கொல்லி நமது நாட்டில் 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. பழைய புட்டி எங்கேனும் கொட்டகையில் கிடந்தாலும் அதைத் தொடாதீர்கள். வீட்டுத் தோட்டத்துக்கு நஞ்சு வேண்டியதே இல்லை. அதேபோல, தண்ணீர் பிடித்து வைக்கும் பீப்பாயை மூடி வையுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு தேங்காய்த் தொட்டித் தண்ணீரே போதும்.

நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண் நம்முடையதன்று, நிர்வாகத்துடையது. நடுவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது. சில மாதங்களில் பறித்து முடிக்கும் காய்கறிக்கு மறுப்புச் சொல்பவர்கள் குறைவு. பலா, மா என்று மரம் நடும்போதுதான் பின்னால் மனத்தாங்கல் வருகிறது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் பழைய எண்ணெய் டின்களின் அடியில் துளையிட்டு மிளகாய், கத்தரி, கீரை மூன்றையும் நன்றாகவே வளர்க்கலாம். வெயில் படும் தாழ்வாரமாக இருந்தால் போதும்.

இரண்டாம் ஆண்டு எங்கள் தோட்டம் காய்த்தது. புரட்டாசியில் வெண்டைக்காய் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டியிருந்தது. விட்டால் முற்றி நாராகிவிடும். பறித்ததை எப்படிப் பங்கிடுவது என்று நாங்கள் முன்னமே யோசித்திருக்கவில்லை. விற்று, வரும் பணத்தைப் பள்ளி நிதியில் சேர்க்கலாம் என்பது எங்களில் சிலர் எண்ணம். அக்டோபர் கடைசியில் ஒரு நாள், காலை முழுவதும் அடைமழை. பள்ளி முடிந்த பின் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி அலுவலறை வாசலில் நின்றான். "சார், அம்மா மூனு நாளா வேலைக்குப் போகல, மழை. கங்கோங் கொஞ்சம் வெட்டிக்கட்டுமா?" என்று கேட்டான். பால்மரம் இன்னும் மிஞ்சியிருக்கும் ஒரு சிறு தோட்டத்தில் அவன் தாயார் வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் பிள்ளைப் பருவத்து அடுப்படி எங்கள் கண்முன் வந்து நின்றது. அன்றோடு விற்கும் பேச்சு முடிந்தது. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், பாத்தியில் வேலை செய்த பிள்ளைகள் எல்லாருக்கும் சம பங்கு, ஆசிரியர்களுக்குப் பங்கு இல்லை என்று முடிவு செய்தோம். கேட்க வெட்கப்படும் பிள்ளைக்கும் அப்போதுதான் போய்ச் சேரும். எல்லார் பையிலும் ஒரே அளவுக் கட்டு இருந்தால் எவனுக்கு எதற்கென்று யாரும் பார்க்க மாட்டார்கள். இன்று வரை அந்த வழக்கமே இருந்து வருகிறது.

அவன் கேட்டது கங்கோங் கீரையை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மழை வலுத்த பின் வெண்டை சோர்ந்துவிடும், பயற்றங்கொடியில் பூ உதிரும், மிளகாயில் பழம் அழுகும். கங்கோங் மட்டும் ஈரத்தில் இன்னும் செழிக்கும். அடியில் இரண்டு கணு விட்டு வெட்டினால் மறுபடி மறுபடி துளிர்க்கும். ஆகவே வாய்க்கால் ஓரத்துத் தாழ்ந்த இடத்தை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். சேம்பும் அங்கே வரும். மரவள்ளிக்கு மேடான மூலை ஒன்று வேண்டும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். அதன் கிழங்கையும் இலையையும் நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக விதை. பயற்றங்கொடியில் முதலில் காய்க்கும் நல்ல காய்களில் நாலைந்தைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். செப்டம்பர் கடைசியிலேயே இதைச் செய்துவிட வேண்டும். மழையில் முற்றும் காய்க்குள் விதை பூஞ்சணம் பிடித்துவிடும். காய்ந்த நெற்றை உரித்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, கொஞ்சம் சாம்பலோடு புட்டியில் அடைத்து வையுங்கள். கடையில் வாங்கும் ஒட்டுவீரிய விதையிலிருந்து எடுக்கும் விதை மறு ஆண்டு தாயைப் போலக் காய்க்காது என்பதை நினைவில் வையுங்கள். எங்கள் பள்ளியில் இப்போது இருக்கும் பயற்றை அந்தப் பாட்டிதான் தந்தார். அவர் கையளவு விதையை முந்தானையில் முடிந்து எடுத்து வந்து வேலிக்கு மேலாகக் கொடுத்தார். அதன் வழிதான் ஆண்டுதோறும் விதைத்து வருகிறோம். எங்கள் பிள்ளைகள் அதற்குப் பாட்டிப் பயறு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆடி பிறக்க இன்னும் 2 வாரம் இருக்கிறது. மிளகாய் விதையை வாங்கி வைத்துக்கொண்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை பாத்தி வெட்டத் தொடங்கலாம்.